சின்ன பார்லரில் பயிற்சி மாணவி: சேர்ப்பது முதல் சான்றிதழ் கொடுப்பது வரை

இரண்டு நாற்காலி, ஒரு பேஷியல் பெட், ஒரு ஷாம்பு பேசின். இவ்வளவுதான் உங்கள் பார்லர் என்றால் ஒரு நேரத்தில் ஒரு மாணவிக்கு மேல் சேர்க்காதீர்கள். பயிற்சி நிலையத்திலிருந்து "மூணு பிள்ளைகளை அனுப்பட்டுமா?" என்று கேட்பார்கள். மூன்று பேர் வந்தால் ஒருத்தி கற்றுக்கொள்வாள், மற்ற இருவர் சுவரோரம் நின்று போன் பார்ப்பார்கள். பேஷியல் அறையில் படுத்திருக்கும் வாடிக்கையாளருக்கோ தன்னைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்பதுபோல் இருக்கும். மூன்று பேரையும் எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஒருவர் பின் ஒருவராக வரச்சொல்லித் தேதி கொடுங்கள்.

சேர்க்கும் முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: தினமும் ஒரு மணி நேரம், வாடிக்கையாளர் இல்லாத நேரமாகப் பார்த்து, இந்தப் பிள்ளைக்கென்று ஒதுக்க முடியுமா? முடியாது என்றால் இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நேர்மை. அந்த ஒரு மணி நேரம் இல்லாத பார்லரில் மாணவி முடி பெருக்குவாள், டவல் துவைப்பாள், டீ வாங்கி வருவாள். மாதம் முடிந்து போகும்போது வந்த அன்று தெரிந்ததுதான் தெரிந்திருக்கும்.

எந்த மாதத்தில் எடுப்பது

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. ஆடியில் இந்துக் கல்யாணங்கள் இல்லை. தவக்காலத்தில் கத்தோலிக்கக் கோயில்களில் (சர்ச்சுகளில்) கல்யாணம் வைப்பது அரிது. இந்த இரண்டும்தான் அடிப்படை சொல்லிக்கொடுக்க வாகான காலம். ஆடி தொடக்கத்தில் வருகிற பிள்ளை, ஆவணி முகூர்த்தமும் ஓணமும் வருவதற்குள் பேசின் வேலை, புடவை மடிப்பு, டிராலி அடுக்குவது எல்லாம் பழகியிருப்பாள். கூட்டம் வரும்போது உதவியாக நிற்பாள், பெரிய வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்கவும் வாய்ப்புக் கிடைக்கும்.

நவம்பர் கடைசி முதல் ஜனவரி முதல் வாரம் வரை புதிதாக யாரையும் எடுக்க வேண்டாம். கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், அதையொட்டி வரும் சர்ச் கல்யாணங்கள் என்று உங்களுக்கே மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த அவசரத்தில் புதுப் பிள்ளையின் கையில் சூடான வாக்ஸ் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காகித வேலை

ஐடிஐ காஸ்மெட்டாலஜி (அழகுக்கலை) ஒரு வருடப் படிப்பு. 2022இல் திருத்திய பாடத்திட்டப்படி வருடத்துக்கு 150 மணி நேரம் தொழிலிடப் பயிற்சி உண்டு. நாளுக்கு 6 மணி நேரம் என்றால் 25 நாள். தனியார் நிறுவனம் என்றால் மணிக்கணக்கு அவரவர் திட்டப்படி மாறும். எங்கிருந்து வந்தாலும் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் இல்லாமல் முதல் நாளைத் தொடங்காதீர்கள். மாணவியின் பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி, மொத்த மணி நேரம், பொறுப்பு ஆசிரியரின் பெயரும் செல் நம்பரும், விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு, எந்தெந்த சர்வீஸை வாடிக்கையாளர் மேல் செய்யலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் எழுதாமல் விடுகிறார்கள். பிரச்சினை வருவதும் அங்கேதான்.

வீட்டார் நம்பரை வாங்கி வையுங்கள். ஆஸ்துமா, கையில் கரப்பான் (எக்ஸிமா என்கிற தோல் நோய்), வலிப்பு, ஏதாவது அலர்ஜி உண்டா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கடைக்கு நடுவில் நிற்க வைத்துக் கேட்டால் எந்தப் பிள்ளையும் உண்மையைச் சொல்லாது. மார்க் ஷீட், டிசி எதையும் ஒரிஜினலாக வாங்கி வைக்காதீர்கள். ஆதார் நகல் ஒன்று போதும். "பயிற்சிக் கட்டணம்" என்று பணம் வாங்குவதும் தப்பு.

வயதைக் கவனியுங்கள். 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலையிடத்தில் வைக்கக் கூடாது. 14 முடிந்து 18 நிரம்பாத பிள்ளைகளுக்குச் சட்டம் ஒரு நேர வரம்பு வைத்திருக்கிறது: தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு, ஓய்வையும் சேர்த்து மொத்தம் 6 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலையே கூடாது. "பயிற்சிதானே, வேலை இல்லையே" என்று வாதம் செய்யாமல் இந்த வரம்பையே கடைப்பிடித்துவிடுங்கள். கல்யாண மேக்கப்புக்கு விடியற்காலை 3 மணிக்குப் போகும்போது 17 வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போவது இதனால்தான் ஆகாது.

அப்ரென்டிஸ் திட்டம் வேறு, படிப்பின் பகுதியாக வரும் இந்தப் பயிற்சி வேறு. 1961ஆம் வருட அப்ரென்டிஸ் சட்டத்தில் 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குக் கட்டாயம் உண்டு, 4 முதல் 29 பேர் உள்ள இடங்கள் விரும்பினால் சேரலாம். நீங்களும் ஒரு உதவியாளரும் மட்டும் நடத்துகிற பார்லர் அந்தக் கணக்கில் வராது.

காசு விஷயத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுப்பதுதான் குறைந்தபட்ச மரியாதை. டிப்ஸ் யாருக்கு என்று தெளிவாகச் சொல்லுங்கள். தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டவளுக்கு வாடிக்கையாளர் 20 ரூபாய் கொடுத்தால் அது அவளுடையது. அவள் தனியாகவே சர்வீஸ் செய்து நீங்கள் முழுக் கட்டணமும் வாங்கத் தொடங்கிவிட்டால், அன்றிலிருந்து அவள் வேலைக்காரி. சம்பளம் பேச வேண்டும்.

முதல் வாரம்

முதல் நாள் கையில் சீப்பே கொடுக்க வேண்டாம். கழுவுவதில் தொடங்குங்கள். சோப்புப் போட்டு 20 விநாடி, விரலிடுக்கு, பெருவிரல், நகக்கண் வரை. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், வளையல், கையில் கட்டிய கயிறு எல்லாம் கழற்றி வைக்க வேண்டும். கயிற்றைக் கழற்றத் தயங்குகிற பிள்ளையிடம் வற்புறுத்தாமல், மேலே கையுறையை நீட்டிப் போடச் சொல்லுங்கள்.

அடுத்து கருவிகள். அழுக்கோடு ஸ்பிரிட்டில் போட்டால் கிருமி சாகாது. முதலில் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, நன்றாகத் துடைத்து, பிறகுதான் 70 சதவீத ஆல்கஹாலில் 10 நிமிடம் முழுக்க மூழ்க வைக்க வேண்டும். "100 சதவீதம் இன்னும் நல்லதுதானே அக்கா?" என்று கேட்பாள். இல்லை. கிருமியின் புரதத்தைச் சிதைக்க ஆல்கஹாலோடு தண்ணீரும் வேண்டும். வெறும் ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகியும் போகும். ஆல்கஹால் பாத்திரம் வாக்ஸ் ஹீட்டர் பக்கத்தில் இருக்கவே கூடாது, தீப்பிடிக்கும். யூ.வி. பெட்டியைக் கிருமி நீக்கும் பெட்டி என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். ஒளி படாத பக்கத்தில் அது ஒன்றும் செய்யாது, சுத்தம் செய்த கருவியை வைக்க மட்டுமே அது.

ரத்தம் பட்டால் விஷயம் வேறு. மேஜை, தரை என்றால் 5 சதவீத ப்ளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து ஊற்றி 10 நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். அந்தக் கலவை உலோகத்தை அரிக்கும் என்பதால் நக நிப்பருக்கு ஆகாது. ரத்தம் கண்ட நிப்பரை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி) 121 டிகிரியில் 15 நிமிடம் வைக்க வசதி இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் தூக்கிப் போடுங்கள். பிளேடு போட மூடியுள்ள கெட்டி டப்பா ஒன்று தனியாக இருக்கட்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாளா என்று கேட்டு, இல்லை என்றால் போடச் சொல்லுங்கள். 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி.

முதல் வாரத்தில் கொடுக்கக்கூடிய நல்ல வேலை புடவை மடிப்பு. முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் பட்டுப்புடவையின் முந்தானையை ஐந்தாறு மடிப்பாக மடித்து, பின் குத்தி, மேலே பருத்தித் துணி விரித்து மிதமான சூட்டில் அயர்ன் செய்வது. நேரடியாகப் பட்டின் மேல் இஸ்திரிப் பெட்டி வைத்தால் பளபளப்புப் படிந்துவிடும், ஜரிகை பொசுங்கும். பின் குத்தும்போது ஜரிகைக்குள் குத்தாமல் ஓரமாகக் குத்தச் சொல்லுங்கள். பழைய காட்டன் புடவையில் பத்து முறை மடித்துப் பழகிய பிறகே பட்டைக் கொடுங்கள். சர்ச் கல்யாணத்துக்கு நெட், கிரீடம் வைப்பதும், தோவாளையிலிருந்து வரும் பிச்சிப்பூவைக் கொண்டையில் சுற்றுவதும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியவை. பூவை ஈரத்துணியில் சுற்றி வைக்கும் பொறுப்பை மட்டும் அவளுக்குக் கொடுக்கலாம். தண்ணீர் சொட்டச் சொட்ட வைத்தால் பூ அழுகும் என்று சொல்லிவிடுங்கள்.

ஷாம்பு பேசின்

சுலபமான வேலை என்று எல்லாரும் முதலில் கொடுப்பது இது. ஆனால் வயதானவர்களின் கழுத்தைப் பேசின் விளிம்பில் பின்னால் அதிகம் வளைத்தால் கழுத்து ரத்தக்குழாய் அழுத்தப்பட்டு பக்கவாதம் வரை போகலாம். மருத்துவ இதழ்களில் 1993 முதலே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கழுத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் சுருட்டிய டவல், நடுநடுவே "தலை சுத்துதா அம்மா?" என்ற கேள்வி, வேலை முடிந்ததும் மெதுவாக எழுப்புவது. இந்த மூன்றும் பழக்கமாகிவிட வேண்டும். தண்ணீர்ச் சூட்டைத் தன் மணிக்கட்டில் பார்த்துவிட்டே தலையில் விட வேண்டும்.

குளச்சல், கன்னியாகுமரி போன்ற கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரை வராது. நுரை வரவில்லை என்று பிள்ளை இன்னும் இன்னும் ஷாம்பு ஊற்றுவாள், அலசினாலும் போகாது. கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் ஒரு வாளி வைத்துவிடுங்கள்.

த்ரெட்டிங்: இதில்தான் நேரம் கொடுக்க வேண்டும்

நூலை வாயில் கடித்துப் பிடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். எச்சில் படும், முகம் முகத்தோடு ஒட்டும். கழுத்தில் கட்டும் முறை அல்லது இரண்டு முனையையும் முடிந்து வளையமாக்கிப் பிடிக்கும் முறை போதும். வளையத்துக்கு 60 முதல் 70 சென்டிமீட்டர் நூல், நடுவில் எட்டுப் பத்து முறுக்கு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புது நூல்.

முதல் இரண்டு மூன்று நாள் முடியே வேண்டாம். மேஜை விளிம்பின் மேல் நூலை வைத்து முறுக்கு இடமிருந்து வலம், வலமிருந்து இடம் ஓடுகிறதா என்று மட்டும் பழகட்டும். விரல்கள் ஒரே சீராக விரிய வேண்டும். ஒரு கை வேகமாகவும் மறு கை தயங்கியும் விரிந்தால் முறுக்கு நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். அதன் பிறகு அவளுடைய முழங்காலுக்குக் கீழே, ஐப்ரோ பென்சிலால் ஒரு புருவம் வரையச் சொல்லுங்கள். கோட்டுக்கு வெளியே உள்ள முடியை மட்டும் எடுத்து, உள்ளே ஒன்றும் போகாமல் நிறுத்த வேண்டும். காலில் பத்துப் புருவம் சுத்தமாக வந்தால் முகத்துக்கு வரலாம். முன்கையிலும் செய்யலாம், ஆனால் பல பிள்ளைகளுக்கு அங்கே முடி மெல்லிசு, பழக்கத்துக்கு ஆகாது.

தோல் வெட்டுப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் நூல் இல்லை, தளர்ந்த தோல். வாடிக்கையாளர் ஒரு கையால் இமையைக் கீழேயும் மறு கையால் நெற்றியை மேலேயும் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். வலி வந்ததும் கையை விட்டுவிடுவார்கள். அந்த நொடியே நூலை எடுத்துவிடப் பழக்குங்கள். முடி அறுந்து திரும்பக் கருப்புப் புள்ளியாகத் தெரிகிறதா? ஒரே இழுப்பில் நிறைய முடியைப் பிடித்திருக்கிறாள், அல்லது முடி வளரும் திசைக்கு எதிராக இழுக்கவில்லை. வியர்த்த தோலில் நூல் வழுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பவுடர் போடாமல் தொடங்கவே கூடாது.

முகத்தில் முதலில் நெற்றியோரம், பிறகு இரண்டு புருவத்துக்கும் நடு, பிறகு புருவத்துக்குக் கீழே உதிரி முடி. மேல் உதட்டைக் கடைசியாகக் கொடுங்கள், வலி அதிகம். வடிவம் எடுப்பது பயிற்சிக் காலம் முழுவதும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். "ஒரு புருவம் நான், ஒரு புருவம் நீ" என்று பங்கு போடவே வேண்டாம். இரண்டு கைக்கு இரண்டு வளைவு வரும், இரண்டையும் சமமாக்கப் போய்ப் புருவம் நூலாகிவிடும். அது திரும்ப வளர வாரக்கணக்கில் ஆகும்.

வாக்சிங்

பழகுவது உங்கள் கையில் அல்லது அவள் கையில். ஹீட்டர் காட்டும் சூட்டளவை நம்ப வேண்டாம், ஸ்பேட்டுலாவிலிருந்து (வாக்ஸ் பூசும் பட்டைக் குச்சி) ஒரு துளி உள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். முடி அரை சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். முடி வளரும் திசையில் மெல்லிய பூச்சு, ஸ்ட்ரிப்பை அழுத்தித் தேய்த்து, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்த்திசையில் தோலோடு ஒட்டினாற்போல் இழுக்க வேண்டும். புதுசாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் ஸ்ட்ரிப்பை மேல்நோக்கித் தூக்குவார்கள். கன்றிப்போவதும் முடி அறுவதும் அதனால்தான். வாக்ஸ் தடிமனாகப் பூசுவது அடுத்த தவறு. ஏசி அறையில் ஸ்பேட்டுலாவிலேயே இறுகிவிடும், அதனால் சிறு சிறு பகுதியாகச் செய்யச் சொல்லுங்கள். உடம்பில் பட்ட ஸ்பேட்டுலாவைத் திரும்ப டப்பாவுக்குள் விடக் கூடாது.

முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரெடினால் பூசுகிறவர்கள், வெயிலில் தோல் உரிந்தவர்கள் என்றால் வாக்ஸ் வேண்டாம், தோலே உரிந்து வரும். இதைக் கேட்காமல் தொடங்கக் கூடாது என்பதை மாணவிக்கு முதல் பாடமாக வையுங்கள். கேள்விகளை ஒரு அட்டையில் எழுதி டிராலியில் ஒட்டிவிட்டால் மறக்காது.

கையில் கொடுக்கவே கூடாதவை

ஹேர் கலர், முகப் ப்ளீச் கலப்பது. கலரோடு கலக்கும் டெவலப்பர் 20 வால்யூம் என்றால் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, 40 என்றால் 12 சதவீதம். பாட்டில்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றி எடுத்தால் தலைத் தோல் பொசுங்கும். அவள் பார்க்கட்டும், அளந்து காட்டச் சொல்லுங்கள், பூசுவது நீங்கள். டைக்கு 48 மணி நேரத்துக்கு முன் காதுக்குப் பின்னால் டெஸ்ட் போட வாடிக்கையாளரை வரவழைக்கும் வேலையை அவளிடம் கொடுக்கலாம். "நான் வருஷக்கணக்கா போடுறேன், ஒண்ணும் ஆகாது" என்பவர்களுக்கும் போட வேண்டும், டை அலர்ஜி பல வருடம் கழித்தும் வரும். த்ரெட்டிங், வாக்சிங் செய்த அன்றே அந்த இடத்தில் ப்ளீச் போடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங், கெரட்டின் செய்யும்போது அயர்னிங் புகையில் ஃபார்மால்டிஹைடு வரலாம். ஏசிக்காக அடைத்துவைத்த அறையில் அந்தப் புகைக்கு நடுவே மாணவியை நிறுத்தாதீர்கள். கதவைத் திறந்து எக்ஸாஸ்ட் போடுங்கள், ஆஸ்துமா உள்ள பிள்ளையை வெளியே அனுப்பிவிடுங்கள். பெடிக்யூரில் பிளேடு வைத்துத் தோல் சீவுவது, காது குத்துவது, சர்க்கரை நோயாளிகளின் காலைத் தொடுவது எதுவும் கூடாது.

வாடிக்கையாளரிடம் கேட்பது

கேட்காமல் மாணவியை அனுப்பிவிட்டு, பாதியில் நீங்கள் வருவது நம்பிக்கையைக் கெடுக்கும். உட்கார்ந்த உடனே, மாணவி பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்: "அக்கா, இந்தப் பிள்ள ஐடிஐல படிக்குது. இன்னிக்கு ஹெட் மசாஜ் அவ செய்யட்டுமா? நான் பக்கத்துலயே இருப்பேன். வேண்டாம்னா நானே செய்றேன்." வேண்டாம் என்றால் முகம் மாறாமல் விட்டுவிடுங்கள். அவள் செய்யும் சர்வீஸுக்குக் கட்டணத்தைக் குறைத்து வாங்குவது நியாயம். முகத்திரை எடுக்க வேண்டிய பெண்கள் வந்தால் அறைக்குள் ஒருவர் மட்டும் போதும், மாணவி வெளியே நிற்கட்டும். வாடிக்கையாளர் படத்தை மாணவி தன் போனில் எடுக்கவே கூடாது. அவளுடைய தினசரிப் பயிற்சிப் பதிவேடான லாக் புக்குக்குப் படம் வேண்டும் என்றால் கேட்டுவிட்டு, முகம் தெரியாமல், கடைப் போனில் எடுத்து அனுப்புங்கள்.

கையும் காலும்

பார்லர் வேலைக்கு வரும் இளம் பிள்ளைகளைத் தொழிலை விட்டே போக வைப்பது கைக் கரப்பான். நாள் முழுக்க ஷாம்பு, ஈரம், டை. விரலிடுக்கில் சிவந்து, பிறகு வெடிக்கும். ஷாம்புக்கும் கலருக்கும் நைட்ரைல் கையுறை கொடுங்கள். லேட்டக்ஸ் சிலருக்கு அலர்ஜி. கை கழுவியதும் விரலிடுக்கு வரை துடைத்து, மணமில்லாத கிரீம் பூசச் சொல்லுங்கள். சிவப்பு தெரிந்த அன்றே பேசின் வேலையை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் அனுப்புங்கள்.

உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021 முதல் சட்டமே இருக்கிறது. மாதவிடாய் நாளில் கேட்கத் தயங்குவாள், நாப்கின் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே காட்டிவிடுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நேரத்தை அவளுடைய பஸ்ஸை வைத்து முடிவு செய்யுங்கள். மலையோர ஊர்களுக்கு ஒரு பஸ் விட்டால் அடுத்தது எப்போது என்று அவளுக்குத்தான் தெரியும். யூனிசெக்ஸ் சலூன் என்றால் ஆண் வாடிக்கையாளரிடம் அவளைத் தனியே விடாதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் வருடச் சட்டம் பயிற்சி மாணவிகளுக்கும் பொருந்தும். 10 பேருக்குக் குறைவான இடங்களில் நடந்தால் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர் புகார்க் குழுவிடம் போகலாம். 181 பெண்கள் உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண். இரண்டையும் கண்ணாடிப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

லாக் புக்கும் சான்றிதழும்

ஒவ்வொரு சாயங்காலமும் தேதி, சர்வீஸ், "பார்த்தாள் / உதவினாள் / செய்தாள்" என மூன்று கட்டம் எழுதி அன்றே கையெழுத்துப் போடுங்கள். கடைசி நாளில் 25 நாளுக்கும் ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டால் தேர்வாளர் பார்த்தவுடனே கண்டுபிடிப்பார், வாய்மொழித் தேர்வில் அடி வாங்குவது பிள்ளைதான். வாரத்துக்கு ஒருமுறை ஆசிரியருக்குப் போன் போட்டு இரண்டு நிமிடம் பேசுங்கள். வராத நாளை வந்ததாகக் குறிக்கச் சொல்லி யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

தவறு கண்டால் வாடிக்கையாளர் முன்னால் திட்டாதீர்கள். கையை நிறுத்தச் சொல்லி, நீங்கள் வாங்கிச் செய்து முடித்து, அவர் போன பிறகு அதே வேலையை அவளிடம் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்தும் கை நடுங்குகிறது, கழுவாமல் கருவியை எடுக்கிறாள் என்றால் ஆசிரியரிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும், முடியும் நாள்வரை காத்திருக்கக் கூடாது.

சான்றிதழில் அவள் உண்மையில் செய்ததை மட்டும் எழுதுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை மணி நேரம், ஷாம்பு, ஹெட் மசாஜ், கை வாக்ஸ், நெற்றி த்ரெட்டிங், புடவை மடிப்பு. பார்க்க மட்டும் செய்த பிரைடல் மேக்கப்பை "செய்தார்" என்று எழுதிக் கொடுத்தால், அதை நம்பி மார்த்தாண்டத்திலோ திருவனந்தபுரத்திலோ ஒருவர் அவளை மணப்பெண் முன்னால் உட்கார வைப்பார். கடைசி நாள் சாவியைத் திரும்ப வாங்கி, கடை வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, லாக் புக்கின் கடைசிப் பக்கத்தை போட்டோ எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு பார்லரிலிருந்து விசாரித்துப் போன் வரும்போது அதைப் பார்த்துப் பதில் சொல்லலாம்.